குற்றம் சாட்டினவரே தீர்ப்பும் சொன்னால்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எங்கேயாவது ஒரு நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சிலரைப் பிடித்து, இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, மரண தண்டனை கொடுத்தார்கள் என்று செய்தி வந்தால் நம்மவர்கள் பலர் எழுதுவது ஒன்றுதான்: "தூக்கிலே போடுங்கோ, அதுதான் சரி." தேநீர்க்கடையிலும் இதே பேச்சு, பஸ்ஸிலும் இதே பேச்சு. பாடசாலை ஓய்வறையில் கூட, படித்த மனிதர்கள், பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லிக் கொடுப்பவர்கள், "உப்பிடியான ஆக்களுக்கு என்ன விசாரணை?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். உப்பிடியான ஆட்களுக்குத்தான் விசாரணை மிகவும் அவசியம். அதை வேறு எந்த ஊர்க்காரர் மறந்தாலும் அக்கராயனில் இருக்கிற நாம் மறக்க முடியாது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறோம். இராணுவத்துக்குள் ஒழுக்கம் காக்க ஒரு நீதிமன்றம் இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. காவலில் நின்றவன் தூங்கினான், லீவில் போனவன் திரும்பி வரவில்லை என்றால் அதை அவர்களே விசாரிக்கட்டும். ஆட்சிக்கவிழ்ப்புச் சதி அந்த வகை அல்ல. ஒரு களவு வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவர் ஒருவர், பிடிக்கிறவர் இன்னொருவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூன்றாமவர். சதி வழக்கில் பாதிக்கப்பட்டவர் ஆட்சியாளர். முறைப்பாடு அவருடையது. பிடிக்கிறது அவருடைய படை. தீர்ப்புச் சொல்ல உட்காருகிற அதிகாரிகளின் பதவி உயர்வு அவர் கையில். கடைசியில் தீர்ப்பை உறுதி செய்து கையெழுத்து வைக்கிறவரும் அவரே. இப்படி எல்லாம் ஒரே கையில் இருக்கும்போது அங்கே நடப்பதற்கு வழக்கு என்று பெயர் வைத்தால் போதுமா?

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கு வேண்டிய பாடம் இருக்கிறது. வரிசையாகப் பார்ப்போம்.

1962 ஜனவரி 27, ஒரு சனிக்கிழமை. அன்று இரவு சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்ப்பதற்கு இராணுவ, பொலிஸ் மேலதிகாரிகள் சிலர் திட்டம் போட்டார்கள். திட்டம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. ஒரு வேட்டுக் கூட வெடிக்கவில்லை. கேணல் எப். சி. டி சேரம், சி. சி. திசாநாயக்க, சிட்னி டி சொய்சா போன்ற பெரிய பெயர்கள் அதில் இருந்தன. குற்றம் சாட்டப்பட்ட 24 பேரில் சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாரும் இருந்தார்கள். பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க தானே முன்னின்று சந்தேக நபர்களை விசாரித்தார். வழக்குத் தொடங்குவதற்கு முன்பே அரசு ஒரு வெள்ளையறிக்கை வெளியிட்டு, யார் யார் சதிகாரர் என்று நாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அப்போது நாட்டில் இருந்த சட்டம் அரசுக்குப் போதவில்லை. எனவே அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். குற்றவியல் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம் என்று அதற்குப் பெயர். மார்ச்சில் வந்த சட்டம் ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்று எழுதினார்கள். பிடியாணை இல்லாமல் மறியலில் வைத்திருந்ததைப் பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கினார்கள். பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக எடுக்க வழி செய்தார்கள். யூரர் இல்லை. குற்றவாளி என்று கண்டால் குறைந்தது பத்து ஆண்டு சிறை, சொத்துப் பறிமுதல். விசாரிக்க வேண்டிய மூன்று நீதிபதிகளை நீதி அமைச்சரே நியமிக்கலாம் என்றும் எழுதினார்கள்.

அது இராணுவ நீதிமன்றம் அல்ல. உட்கார்ந்தவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதிகள். ஆனால் ஆட்சியாளர் தன் கைக்கு வாகாக நீதிமன்றத்தை வளைக்கப் பார்த்த முறை இராணுவ நீதிமன்றத்தின் முறைதான். நல்ல காலம், அந்த நீதிபதிகள் வளையவில்லை. "எங்களை அமைச்சர் நியமித்தது அரசியலமைப்புக்கு ஒவ்வாது" என்று முதலாவது ஆயம் தானே எழுந்து போனது. சட்டத்தைத் திருத்தி இரண்டாவது ஆயம் அமைத்தார்கள். அதில் ஒரு நீதிபதி முன்பு சட்டமா அதிபராக இருந்தபோது இதே விசாரணைக்கு உதவியவர் என்று தெரிந்ததும் அந்த ஆயமும் கலைந்தது. மூன்றாவது ஆயம்தான் வழக்கை முழுதாகக் கேட்டது. 1965 ஏப்ரலில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்துப் பத்து ஆண்டு சிறை கொடுத்தது.

அவர்கள் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 11 பேரின் தண்டனையும் இரத்தானது. பெயர் தெரிந்த, ஏற்கெனவே மறியலில் இருக்கிற குறிப்பிட்ட சில மனிதர்களைத் தண்டிப்பதற்காகவே பாராளுமன்றம் சட்டம் செய்தால், அது பாராளுமன்றம் நீதிபதியின் கதிரையில் ஏறி உட்காருவதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். லியனகே வழக்கு என்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் உலகின் பல நாடுகளில் இன்றைக்கும் இதைப் படிக்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 11 பேர் அப்பாவிகள் என்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. சதி நடந்ததா இல்லையா என்ற கேள்வி அங்கே தீர்மானிக்கிற விஷயமாகவே இருக்கவில்லை. பழைய சட்டத்தின்படி, பொறுமையாக, ஒழுங்காக வழக்கு நடத்தியிருந்தால் தண்டனை நிலைத்திருக்கக் கூடும். அரசு குறுக்குவழியில் போனது. அதனால் குற்றம் செய்தவர் இருந்திருந்தால் அவரும் வெளியே வந்துவிட்டார். "நியாயமான விசாரணை கேட்கிறவன் சதிகாரனுக்குத் துணை போகிறான்" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். 1962 வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் காப்பாற்றியது, அவர்களை எப்படியாவது தண்டிக்க வேண்டும் என்ற அரசின் அவசரம்.

அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பும் இதே அவசரம் ஒரு முறை வந்தது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க மரண தண்டனையை நிறுத்தி வைத்திருந்தார். 1959 செப்டெம்பரில் அவரையே சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. கொலையாளிகளைத் தூக்கிலிட வேண்டும் என்பதற்காக நிறுத்தி வைத்த தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்து, அதுவும் பின்னோக்கிச் செல்லும்படி சட்டம் செய்தார்கள். சுட்ட சோமராம தேரர் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். சதியின் சூத்திரதாரி என்று தண்டிக்கப்பட்ட புத்தரக்கித்த தேரர் தப்பினார். எப்படி? அவசரத்தில் எழுதிய சட்டத்தில் 'கொலை' இருந்தது, 'கொலைக்குச் சதி' விடுபட்டுப் போயிருந்தது. மேன்முறையீட்டில் அவருக்கு ஆயுள் தண்டனையானது. அவசரத்தில் எழுதிய சட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இப்போது எங்கள் சமூகத்துக்கு நெருக்கமான ஒரு விஷயம். 1915 இல் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். எங்கள் முன்னோர் 25 பேர் கொல்லப்பட்டார்கள். 4,000க்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின. பள்ளிவாசல்கள் எரிந்தன. பிரிட்டிஷ் அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்த 26 வயது இளைஞர் ஹென்றி பேதிரிஸை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இராசத்துரோகம் உட்படப் பல குற்றச்சாட்டுகள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடையில் கதிரையில் கட்டிவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். இன்று சிங்கள மக்கள் அவரை ஒரு தேசிய வீரராக மதிக்கிறார்கள்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அப்போது இலண்டன் வரை போய்ச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற முஸ்லிம்களுக்கு அது பெரிய மனவருத்தம். அந்த வருத்தம் எங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பற்றி அவர் இன்னும் பேசியிருக்கலாம். ஆனால் இராணுவச் சட்டத்தின் பெயரில் நடந்தது அநியாயம் என்று அவர் சொன்னது உண்மை. நாங்கள் எங்களையே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது: பேதிரிஸைச் சுட்டதால் கொள்ளை போன கடைகளில் ஒன்றாவது திரும்பி வந்ததா? யார் எரித்தார்கள், யார் தூண்டினார்கள், ஏன் தடுக்கவில்லை என்ற உண்மை வெளியே வந்ததா? வரவில்லை. நூறு வருடம் கழித்து அளுத்கமவிலும் திகனவிலும் அதேபோலக் கடைகள் எரிந்தன. ஒரு மனிதனை அவசரமாகச் சுட்டுவிட்டால் உண்மையைத் தேடுகிற வேலை அன்றோடு நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரிலும் ஒன்று நடந்தது. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரிட்டிஷ் அதிகாரத்துக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கள இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. கிராசியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஓகஸ்ட் முதல் வாரத்தில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். மேயில் கிளர்ச்சி, ஓகஸ்டில் தூக்கு.

சரி, இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2010க்கு வருவோம். வன்னியில் இருக்கிற நமக்கு மிகக் கடினமான உதாரணம் இதுதான்.

சரத் பொன்சேகா. 2008 கடைசியில் அக்கராயன் சனம் வீட்டையும் வயலையும் விட்டுத் தர்மபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடியபோது எதிரே வந்த படையின் தளபதி. அந்த ஓட்டத்தில் யார் யாரை இழந்தார்கள் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்த மனிதர் 2010 ஜனவரி 26 இல் மகிந்த ராஜபக்சவுக்கு எதிராக ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். தேர்தல் முடிந்த இரவு அவர் தங்கியிருந்த ஹோட்டலைப் படை சூழ்ந்தது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி, ஜனாதிபதியைக் கொல்லச் சதி என்று அரச தரப்பு சொன்னது. பெப்ரவரி 8 இல் கைது செய்தார்கள். ஆனால் இராணுவ நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டுகளில் சதி இல்லை. சீருடையில் இருக்கும்போது அரசியலில் ஈடுபட்டார் என்று ஒரு வழக்கு. ஆயுதக் கொள்வனவில் முறைகேடு என்று இன்னொரு வழக்கு. முதலாவதில் பதவி நிலையையும் பதக்கங்களையும் பறித்தார்கள். இரண்டாவதில் 30 மாதச் சிறை. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களின் பக்கச்சார்பு பற்றி அவருடைய சட்டத்தரணிகள் ஆட்சேபித்தார்கள். கடைசியில் அந்தத் தீர்ப்புகளை உறுதி செய்தவர் யார்? அவருக்கு எதிராகத் தேர்தலில் நின்று வென்ற அதே ஜனாதிபதி.

தேர்தலில் போட்டியாளர், வழக்கில் தண்டனையை உறுதி செய்கிறவர், இரண்டும் ஒரே மனிதர். இதை நீதி என்று எந்தப் பிள்ளைக்கு நாம் படிப்பிக்க முடியும்?

அப்போது வன்னியில் பலர் சிரித்தார்கள். "வினை விதைத்தவன் வினை அறுக்கிறான்" என்றார்கள். அந்தச் சிரிப்பின் பின்னால் இருந்த வலியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கவனியுங்கள். பொன்சேகா மறியலுக்குப் போனது முள்ளிவாய்க்காலில் நடந்ததற்காக அல்ல. அதைப் பற்றி அந்த நீதிமன்றத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றும் அங்கே எழவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பகை தீர்த்தார்கள். வன்னிச் சனத்துக்கு அந்த வழக்கில் சாட்சிக்கூண்டு கூட இல்லை. 2012 மேயில் பொதுமன்னிப்பில் அவர் வெளியே வந்தார். 2015 இல் ஆட்சி மாறியதும் பதவி நிலை எல்லாம் திரும்பக் கிடைத்து பீல்ட் மார்ஷலும் ஆனார். ஆட்சி மாறினால் தீர்ப்பும் மாறும் என்றால் அந்தத் தீர்ப்பு யாருடையது?

நமது பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

வன்னித் தளபதியாக இருந்தவர், இயக்கத்தின் துணைத் தலைவராக இருந்தவர் மாத்தையா. தலைவரைக் கொல்லவும் இயக்கத்தைக் கைப்பற்றவும் இந்திய உளவுத்துறையோடு சேர்ந்து சதி செய்தார் என்று 1993 இல் பிடித்தார்கள். 1994 டிசம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவரோடு இருந்த பலரும் இல்லாமல் போனார்கள். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று நாம் இங்கே தீர்மானிக்க வரவில்லை. தீர்மானிக்கவும் முடியாது. ஏனென்றால் சனத்துக்கு முன்னால் சாட்சி வைக்கப்படவில்லை, அவருக்காக ஒரு சட்டத்தரணி வெளியே வந்து பேசவில்லை, மேன்முறையீடு செய்ய ஓர் இடம் இல்லை. முப்பது வருடம் கழித்தும் அந்தக் கதை வதந்தியாகவே திரிகிறது. திறந்த விசாரணை இல்லாவிட்டால் குற்றவாளியின் குற்றம் கூட நிரூபணமாகாது.

அதற்கும் முன்னால், 1990 ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை இதே மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம். காட்டிக்கொடுப்பவர்கள், சதிக்குத் துணை போகிறவர்கள் என்ற சந்தேகம். ஒரு முழுச் சமூகத்தின் மேல் குற்றம். அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. பதில் சொல்லச் சந்தர்ப்பம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். விசாரணை இல்லாத தீர்ப்பு என்றால் என்ன என்று எங்கள் உம்மாமார் வாப்பாமாரிடம் கேளுங்கள். புத்தளத்துக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்து அந்தத் தண்டனையை அனுபவித்தவர்கள் அவர்கள். ஆகவே, "சந்தேகம் போதும், விசாரணை எதற்கு" என்று யார் யாரைப் பற்றிச் சொன்னாலும் எங்களுக்கு உடம்பு கூசுகிறது.

வெளிநாடுகளிலும் இதுதான் கதை. தென்கொரியாவில் கிம் தே ஜுங் என்ற எதிர்க்கட்சித் தலைவருக்கு, ஆட்சியைக் கவிழ்க்கக் கிளர்ச்சி தூண்டினார் என்று 1980 இல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்ததால் தண்டனையைக் குறைத்தார்கள். அதே மனிதர் 1998 இல் நாட்டின் ஜனாதிபதி. 2000 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு. 2004 இல் மறு விசாரணையில் நிரபராதி என்று தீர்ப்பு. நைஜீரியாவில் ஒபசான்ஜோவைச் சதி வழக்கில் 1995 இல் இராணுவ நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. 1999 இல் மக்கள் வாக்களித்து அவரை ஜனாதிபதியாக்கினார்கள். அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட ஷேகு யாரதுவா சிறையிலேயே இறந்து போனார்.

பங்களாதேஷில் கேணல் அபூ தாஹிர். 1971 விடுதலைப் போரில் காலை இழந்தவர். 1976 இல் டாக்கா மத்திய சிறைக்குள்ளேயே, மூடிய கதவுக்குப் பின்னால், இராணுவச் சட்டத் தீர்ப்பாயம் ஒன்று அவரை விசாரித்தது. மேன்முறையீடு இல்லை. ஜூலை 17 தீர்ப்பு, 21 இல் தூக்கு. 35 வருடம் கழித்து, 2011 மார்ச்சில், அந்த விசாரணையே சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. கிம் தே ஜுங்குக்கு அநியாயம் நடந்தது என்று தெரிந்தபோது அவர் உயிரோடு இருந்தார். தாஹிர் இல்லை. மரண தண்டனைக்கும் மற்றத் தண்டனைகளுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பொன்சேகாவுக்குப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. பேதிரிஸுக்கு என்ன திருப்பிக் கொடுப்பது?

"அப்படியென்றால் துவக்கோடு வந்து ஆட்சியைப் பிடிக்கிறவனை என்ன செய்வது? அவன் வென்றிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. சதிப்புரட்சி சின்ன விஷயம் அல்ல. அது நடந்த நாடுகளில் சனம் பட்ட பாட்டை நாங்கள் மறுக்கவில்லை. பிடியுங்கள். மறியலில் வையுங்கள். ஆனால் திறந்த நீதிமன்றத்தில், சாதாரண நீதிபதிகள் முன்னால், அவனுக்கு விருப்பமான சட்டத்தரணியோடு, குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தின்படி வழக்கு வையுங்கள். அடித்து வாங்கிய வாக்குமூலத்தைக் கொண்டுவராதீர்கள். மேன்முறையீட்டுக்கு வழி விடுங்கள். குற்றம் நிரூபணமானால் நீண்ட சிறை கொடுங்கள். உயிரை எடுக்காதீர்கள். இவ்வளவு செய்தும் ஆட்சி கவிழாது. ஒரு திறந்த வழக்கைத் தாங்க முடியாத ஆட்சி என்றால் அதன் பலவீனம் சதிகாரனால் வந்தது அல்ல.

நம் இரண்டு சமூகத்துக்கும் இது புதிய பாடம் அல்ல. வைகாசியில் வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போகிற சனம் யாரைக் கும்பிடப் போகிறது? விசாரிக்காமல் கொடுத்த மரண தண்டனைக்கு எதிராக அரச சபையில் போய் நின்ற ஒரு பெண்ணை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுப் பாண்டியன் தீர்ப்புச் சொன்னான். அரசியின் சிலம்பு காணாமல் போயிருந்தது. ஆகவே அந்த வழக்கில் முறைப்பாட்டுக்காரனும் அவன், நீதிபதியும் அவன். தவறு தெரிந்ததும் தன் உயிரையே விட்டான். அப்போதும் கோவலன் திரும்பி வரவில்லை. பத்தாம், பதினோராம் வகுப்பில் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வறைக்கு வந்து "தூக்கிலே போடுங்கோ" என்று சொன்னால் நாம் படிப்பித்தது என்ன?

எங்கள் பிள்ளைகளுக்கு மதரஸாவில் ஒரு கதை சொல்லிக் கொடுப்பார்கள். கலீபா அலி (ரழி) அவர்களின் போர்க்கவசம் காணாமல் போய் ஒரு யூதரின் கையில் இருந்தது. நாட்டை ஆளுகிற கலீபா, காழியின் முன்னால் வழக்காளியாகப் போய் நின்றார். மகனின் சாட்சியத்தைத் தகப்பனுக்காக ஏற்க முடியாது என்று காழி சொன்னார். வேறு போதிய சாட்சி இல்லை. கலீபா வழக்கில் தோற்றார். தீர்ப்பை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போனார். படையும் அதிகாரமும் கையில் இருந்தவர் அவற்றை நீதிமன்ற வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார் என்பதற்காகத்தான் அந்தக் கதையை இன்னும் சொல்லுகிறோம்.

இன்றைய நிலைக்கு வருவோம். இந்த நாட்டில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 ஜூனில். ஆனால் சட்டப் புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது. அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 114ஆம் பிரிவு மரண தண்டனையைச் சொல்லுகிறது. இராணுவச் சட்டத்திலும் அது இருக்கிறது. 2019 இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்குக் கைதிகள் நால்வரின் மரண தண்டனைக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். உயர் நீதிமன்றம் இடையில் புகுந்து தடுத்தது. ஒரு கையெழுத்துத்தான் தூரம் என்பதை அன்று பார்த்தோம்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிகம் என்று வந்தது. 1982 இல் நிரந்தரமானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவரிடம் கொடுக்கிற வாக்குமூலம் அதில் சான்றாகும். அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டியது கைதியின் பொறுப்பு. 1962 இல் கேணல்மாருக்காகச் செய்த ஏற்பாடு, 1972 இல் ஜே.வி.பி. இளைஞர்களுக்காகக் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டத்தில் திரும்ப வந்தது. பிறகு தமிழ்ப் பிள்ளைகளுக்காக வந்தது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கும் வந்தது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீமை ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக 2020 மேயில் பிடித்தார்கள். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. திறந்த நீதிமன்றம் ஒன்று இருந்ததால் அந்த ஆசிரியர் இன்று வெளியே இருக்கிறார். எதிரிக்கென்று திறந்த கதவு யாருக்கும் மூடப்படுவதில்லை. வரிசையில் எல்லோருக்கும் முறை வருகிறது.

இன்று ஆட்சியில் இருக்கிற கட்சிக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர்களுடைய தலைவர் ரோகண விஜேவீரவை விசேட ஆணைக்குழு தண்டித்தது. 1977 இல் வெளியே வந்தார். 1989 நவம்பரில் படையினரின் காவலில் இருக்கும்போது கொல்லப்பட்டார். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. குற்றவாளிக் கூண்டுக்குள் நின்று பார்த்தவர்கள் இன்று நீதி அமைச்சை நடத்துகிறார்கள். எனவே அவர்களிடம் மூன்றே மூன்று விஷயம் கேட்கிறோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தலில் சொன்னதை, வேறு பெயரில் அதையே திரும்பக் கொண்டுவராமல், செய்து காட்டுங்கள். மரண தண்டனையைச் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுங்கள். இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பை ஆட்சியாளர் உறுதி செய்கிற முறையை மாற்றி, சுதந்திரமான நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டத்தில் எழுதுங்கள்.

நம்மிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த முறை எந்த நாட்டிலாவது சதி, இராணுவ நீதிமன்றம், மரண தண்டனை என்று செய்தி வந்தால் உடனே கைதட்டாதீர்கள். யார் குற்றம் சாட்டியது, யார் தீர்ப்புச் சொன்னது, கதவு திறந்திருந்ததா, மேன்முறையீடு உண்டா என்று நான்கு கேள்வி கேளுங்கள். வகுப்பில் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லிக் கொடுப்போம். பிடிபட்டவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தால் இன்னும் ஒரு தடவை கேளுங்கள். நமக்குப் பிடித்தவருக்காக நீதி கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், பேசுவோம். வஸ்ஸலாம்.